போன் நகரத்தில் ஆறு பாட்டில்கள்

போன் என்று ஓர் ஊர் இருக்கிறது. பிரான்ஸின் கிழக்குப் பக்கம், பர்கண்டி வைன் பிரதேசத்தின் நடுவில். நான் வேலை பார்க்கும் லியோனிலிருந்து ரயிலேறினால் இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம். அந்த ஊர்ப் பெயருக்கும் நம் கையில் இருக்கும் போனுக்கும் உச்சரிப்பில் பெரிய வித்தியாசம் கிடையாது. இதில் எனக்கு ஒரு வசதி இருந்தது. சனிக்கிழமை மத்தியானம், ஊரில் விளக்கு வைக்கிற நேரம், அம்மா கூப்பிடுவாள். "போன்ல இருக்கேம்மா, அப்புறம் கூப்பிடறேன்" என்று சொல்லி வைத்துவிடுவேன். ஏதோ ஆபீஸ் மீட்டிங் என்று அவள் நினைத்துக்கொள்வாள். சொன்னதில் ஓர் எழுத்துகூடப் பொய் இல்லை. இந்தக் கெட்டிக்காரத்தனத்தை நினைத்து சில வருஷம் எனக்கு நானே சிரித்துக்கொண்டிருந்தேன்.

2022 நவம்பரில் ஒரு சனிக்கிழமையும் அப்படித்தான் சொன்னேன். அன்றைக்கு என் எதிரே மேஜையில் ஆறு பாட்டில்கள் நின்றுகொண்டிருந்தன. இந்தக் கட்டுரை அந்த ஆறு பாட்டில்களைப் பற்றியது. அம்மாவைப் பற்றியும்தான்.

வீட்டுக்காரர் எனக்கு மேலாளராக இருந்தவர். பெரியவர் என்றே இங்கே சொல்கிறேன். 2015-ல் நான் லியோனில் வேலைக்குச் சேர்ந்தபோது என் கோடில் இருந்த முதல் தவறைக் கண்டுபிடித்தவர் அவர். என்னை மதிய உணவுக்குக் கூட்டிப்போன முதல் ஆளும் அவர்தான். வைன் ஊற்றட்டுமா என்று கேட்பார். வேண்டாம் என்பேன். ஏன் என்று ஒருநாளும் கேட்டதில்லை. நாலு வருஷம் கழித்து, அவர் ஓய்வு பெற்ற நாளில், நானே கிளாஸை நீட்டினேன். அதன்பின் மாதம் ஒருமுறை, இரண்டுமுறை, அவருடைய வீட்டில் கூடுவோம். போனிலிருந்து தெற்கே சில கிலோமீட்டர் தள்ளி, திராட்சைச் சரிவு முடிந்து தட்டைநிலம் ஆரம்பிக்கிற இடத்தில் ஒரு பழைய கல்வீடு. கீழே ஒரு நிலவறை. வெளியே முப்பத்தைந்து டிகிரி அடிக்கும்போதும் உள்ளே போனால் சட்டைக்கு மேல் ஏதாவது போட்டுக்கொள்ளத் தோன்றும்.

2021 தொடக்கத்தில் அவருக்குக் கொரோனா வந்தது. காய்ச்சல் நாலு நாளில் போய்விட்டது. கூடவே வாசனையும் போய்விட்டது. எல்லாருக்கும் போனது போலத்தான், திரும்பிவரும் என்றார்கள். எல்லாருக்கும் வந்த மாதிரி அவருக்கு வரவில்லை. ஒன்றரை வருஷம் காத்திருந்துவிட்டு எங்கள் நால்வருக்கும் ஒரு மின்னஞ்சல் போட்டார். அதன் சாரம் இதுதான்: என் மூக்கு காத்திருக்கும், பாட்டில்கள் காத்திருக்காது. வந்து குடியுங்கள். குடித்துவிட்டு என்ன வாசனை என்று எனக்குச் சொல்லுங்கள்.

*

பர்கண்டி சிவப்பு வைன் என்றால் ஒரே ஒரு திராட்சைதான் என்று கிட்டத்தட்டச் சொல்லிவிடலாம். பினோ நுவார். தோல் மெல்லியது, நிறம் குறைவு, சீக்கிரம் அழுகும், வெயில் கூடினாலும் தாங்காது, குளிர் கூடினாலும் தாங்காது. இப்படி ஒரு சவலைப் பிள்ளையை வைத்துக்கொண்டு, திஜோனிலிருந்து தெற்கே சுமார் 50 கிலோமீட்டர் நீளும் ஒரு சுண்ணாம்புக்கல் சரிவில், ஆயிரம் வருஷமாக ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்: இந்த வயலுக்கும் பக்கத்து வயலுக்கும் என்ன வித்தியாசம்?

1098-ல் இங்கே சித்தோ மடம் தொடங்கியது. சிஸ்டெர்சியன் துறவிகளின் தாய்வீடு. அவர்கள் சுவர் எழுப்பிய க்ளோ த வூஜோ தோட்டம் இன்றும் அதே சுவருக்குள் இருக்கிறது. சுமார் 50 ஹெக்டேர். பிரெஞ்சுப் புரட்சியில் மடத்து நிலங்களைப் பறித்து ஏலம் விட்டார்கள். பிறகு நெப்போலியன் காலத்துச் சட்டம் சொத்தைப் பிள்ளைகளுக்குச் சமமாகப் பிரிக்கச் சொன்னது. பிரித்தார்கள், பிரித்ததையும் பிரித்தார்கள். இன்று அந்த ஒரு சுவருக்குள் ஏறக்குறைய 80 உரிமையாளர்கள். எங்கள் ஊர்ப்பக்கம் பங்காளிகள் கிணற்றில் ஆளுக்கு இத்தனை மணி நேரம் என்று முறை வைத்துத் தண்ணீர் இறைப்பதைப் பார்த்து வளர்ந்தவனுக்கு இது உடனே புரிந்தது. உலகத்திலேயே அதிக விலைக்குப் போகும் வைன்களில் ஒன்றான ரொமானே-கோந்தி விளையும் தோட்டம் மொத்தமே 1.8 ஹெக்டேர். நம் கணக்கில் நாலரை ஏக்கர். மேட்டுப்பாளையத்தில் அதைவிடப் பெரிய வாழைத்தோட்டம் வைத்திருப்பவர் சைக்கிளில் போய்க்கொண்டிருப்பார்.

இந்தத் துண்டு வயல்களுக்கு இங்கே கிளிமா என்று பெயர். 1,247 கிளிமாக்களையும் சேர்த்து 2015-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் வைத்தது. ஒவ்வொன்றுக்கும் தனிப் பெயர், தனி எல்லை, தனி மரியாதை. இதெல்லாம் வெறும் பேச்சு என்று நினைப்பவர்களும் உண்டு. நானும் அப்படித்தான் நினைத்தேன். பிறகு ஒருநாள் பெரியவர், ஒரே ஆள் ஒரே வருஷத்தில் செய்த இரண்டு வைன்களை, இடையில் ஒரு வண்டிப்பாதை மட்டும் இருக்கும் இரண்டு வயல்களிலிருந்து வந்தவற்றை, பெயரை மறைத்து ஊற்றிக் கொடுத்தார். வித்தியாசம் இருந்தது. என்ன வித்தியாசம் என்று சொல்லத்தான் எனக்கு வார்த்தை இல்லை.

வார்த்தை இல்லாமை எனக்குப் பெரிய பிரச்சினையாக இருந்தது. அவர்கள் ராஸ்பெர்ரி என்பார்கள், காட்டுச் செர்ரி என்பார்கள். இவற்றை நான் சாப்பிட்டதே முப்பதை நெருங்கும்போதுதான். சூ-புவா என்று ஒரு சொல் அடிக்கடி வரும். மரங்களுக்கு அடியில் இருக்கும் காட்டுத் தரை என்று பொருள். முதிர்ந்த பர்கண்டிக்கு அதைவிட உயர்ந்த பாராட்டு இல்லை. அது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது, தெரிந்த மாதிரி தலையாட்டுவேன். ஒருநாள் பெரியவர் சொன்னார்: "எங்க காட்டை விடு. உன் மூக்குக்குத் தெரிஞ்சதைச் சொல்லு." யோசித்துப் பார்த்தேன். ஐப்பசி அடைமழை ரெண்டு நாள் விட்டதும், தோட்டத்தில் புற்றுக்குப் பக்கத்தில் காளான் தேடிப்போவோம். மக்கிய இலையைக் கையால் விலக்கும்போது ஒரு வாசம் வரும். அதுவா என்று விவரித்தேன். "அதுதான்" என்றார். அன்றைக்கு எனக்கு வைன் பாதி புரிந்துவிட்டது.

*

மேஜையில் ஐந்து பேர். பெரியவர், அவர் மனைவி, பக்கத்து வீட்டுக்காரர், போர்ச்சுகலிலிருந்து வந்த என் சக டெஸ்ட் எஞ்சினியர் ஒருத்தி, நான். பக்கத்து வீட்டுக்காரர் நாற்பது வருஷம் பிறத்தியார் தோட்டங்களில் கொடி வெட்டியவர். பாட்டில்களை முந்தைய நாளே நிமிர்த்தி வைத்திருந்தார்கள், மண்டி அடியில் தங்க வேண்டும் என்பதற்காக. இளம் சிவப்பு வைனின் நிறமிகள் வருஷங்கள் போகப்போகத் துவர்ப்புப் பொருட்களோடு கைகோத்துப் பெரிதாகி, ஒரு பங்கு அடியில் படிந்துவிடும். அதனால்தான் பழைய வைன் வெளுத்துப்போய் செங்கல் நிறத்துக்கு வருகிறது. நாக்கைப் பிடித்து இழுத்த துவர்ப்பும் தணிந்துவிடுகிறது.

விதி ஒன்றுதான். வயதில் சிறியவர் முதலில் பேச வேண்டும். பெரியவர்கள் முதலில் சொல்லிவிட்டால் மற்றவர்கள் அதையே முகர்ந்துவிடுவார்கள். பக்கத்து வீட்டுக்காரர் இதற்கு போர்தோ பல்கலைக்கழகத்துக் கதையைச் சொன்னார். 2001-ல் வெளியான ஆய்வு அது. வைன் படிக்கும் 54 மாணவர்களுக்கு, வெள்ளை வைனில் வாசனையற்ற சிவப்புச் சாயத்தைக் கலந்து கொடுத்தார்கள். அவர்கள் அதைச் சிவப்பு வைனுக்கான சொற்களால் விவரித்தார்கள். கண் பார்த்ததை மூக்கு எழுதிக்கொண்டது. பர்கண்டிக்காரருக்கு போர்தோ மாணவர்கள் ஏமாந்த கதை என்றால் தனிச் சந்தோஷம்.

ஆக, நான்தான் முதல். எனக்குப் பின் போர்ச்சுகல்காரி, பக்கத்து வீட்டுக்காரர், பெரியவரின் மனைவி. கடைசியாகப் பெரியவர். அவருக்குப் புளிப்பு தெரியும், துவர்ப்பு தெரியும், ஆல்கஹாலின் சூடு தெரியும். "வீடு தெரியுது, தூணைத் தொட்டுப் பார்க்க முடியுது. உள்ளே யாரு இருக்காங்கன்னுதான் தெரியல" என்றார்.

முதல் பாட்டில் சாவினி, 2003. ஐரோப்பாவைப் பொசுக்கிய கோடை அது. ஆகஸ்டிலேயே அறுவடை தொடங்கிவிட்டது. போன் ஊருக்கு 1354 முதல் அறுவடைத் தேதிகளின் வரிசை இருக்கிறது. கொடியில் பறித்தவர்களுக்குக் கொடுத்த கூலிக் கணக்கு, நகரசபைப் பதிவு, செய்தித்தாள் என்று பலவற்றிலிருந்து வரலாற்றாசிரியர்கள் தொகுத்தது. 664 வருஷத்து லாக் ஃபைல். 1988-க்குப் பிறகு அறுவடை சராசரியாக 13 நாள் முன்னால் வந்துவிட்டது என்கிறது அது. அந்த வைனில் வெயில் இருந்தது. "பேரீச்சம்பழம், அடுப்பில் கொஞ்சம் அதிக நேரம் இருந்த வெல்லப்பாகு" என்றேன். பெரியவர் நோட்டில் எழுதிக்கொண்டார்.

இரண்டாவது ஷாம்போல்-ம்யூசினி, 2002. இதை முகர்ந்ததும் யாரும் பேசவில்லை. சில வைன்களுக்கு முதலில் மௌனம்தான் விமர்சனம். கல்யாண மண்டபத்தில் பந்தி முடிந்து ஆட்கள் போன பிறகு, தட்டில் மிச்சமிருக்கும் பன்னீர் ரோஜா இதழ்களின் வாசனை என்றேன். பன்னீர் ரோஜா என்றால் என்ன என்று விளக்க ஐந்து நிமிஷம் ஆனது. மூன்றாவது நுய்-சான்-ஜார்ஜ், 1999. விளைச்சலும் தரமும் ஒருசேர அமைந்த வருஷம். இன்னும் திடகாத்திரமாக இருந்தது. நாவல்பழம், லேசாகத் தோல் செருப்பு.

நாலாவது ஜெவ்ரே-ஷாம்பெர்த்தான், 1996. புளிப்பு தூக்கலான வருஷம் என்பதால் இன்னும் விறைப்பாக நின்றது. கிளாஸைச் சுழற்றி மூக்கை உள்ளே விட்டேன். கிராம்பு.

இதில் மாயம் எதுவும் இல்லை. ஓக் பீப்பாயிலிருந்து வைனுக்குள் யூஜெனால் என்ற பொருள் இறங்கும். கிராம்பின் வாசனையும் அதே யூஜெனால்தான். ஆனால் இதெல்லாம் பிறகு யோசித்தது. அந்த நொடியில் நான் எங்கள் வீட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தேன்.

அப்பா பஞ்சாலையில் ஃபிட்டர். இரண்டாம் ஷிப்ட் முடிந்து ராத்திரி வரும்போது அம்மா கதவைத் திறந்து அப்படியே நிற்பாள். வழி விடமாட்டாள். "குடிச்சீங்களா?" என்பாள். "இல்ல புள்ள, பல்வலி. கிராம்பு வச்சிருக்கேன்" என்பார் அப்பா. அவர் வாயைத் திறந்தால் முதலில் கிராம்பு வரும், அதற்குப் பின்னால் பிராந்தி வரும். பாயில் படுத்திருக்கும் எனக்கே அது தெரியும். அப்பாவுக்கு பத்து வருஷம் பல்வலி இருந்தது. நான் எஞ்சினியரிங் இரண்டாம் வருஷம் படிக்கும்போது ஈரல் கெட்டுப்போய் இறந்துபோனார். எங்கள் வீட்டில் பிரியாணிக்குக்கூட கிராம்பு போடமாட்டார்கள்.

"கிராம்பு" என்று சொன்னேன். பெரியவர் ஆர்வமாக நிமிர்ந்தார். "உன் ஊர்ச் சாமான். உனக்கு என்ன ஞாபகம் வருது?"

"பல்வலி" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். அப்பாவின் பொய்யை அப்படியே பிரெஞ்சில் மொழிபெயர்த்துவிட்டு நானும் சிரித்தேன்.

*

ஐந்தாவது 1993, போன் ஊரின் தோட்டம். வேகவைத்த பீட்ரூட், காளான், டீத்தூள். அதற்குள் பேச்சு போலி வைன்களுக்குத் திரும்பியிருந்தது. ரூடி குர்னியவான் என்ற ஆள் கலிஃபோர்னியாவில் தன் வீட்டில் உட்கார்ந்து பழைய பர்கண்டிகளைக் கலந்து தயாரித்து, கோடிக்கணக்கில் விற்றார். 2008-ல் நியூயார்க் ஏலத்துக்கு, போன்சோ குடும்பத்தின் க்ளோ சான் தெனி என்று 1945-ஆம் வருஷத்திலிருந்து பாட்டில்கள் வந்தன. அந்தக் குடும்பம் அந்தத் தோட்டத்தில் வைன் செய்ய ஆரம்பித்ததே 1980-களில்தான். லோரான் போன்சோ நேரில் போய் நின்று அவற்றை ஏலத்திலிருந்து எடுக்கவைத்தார். 2012-ல் கைது, 2014-ல் பத்து வருஷத் தண்டனை. அதுவரை எத்தனையோ அனுபவசாலிகள் அந்த ஆளின் பாட்டில்களைக் குடித்துப் புகழ்ந்திருக்கிறார்கள்.

"அவங்க ஏன் கண்டுபிடிக்கல?" என்று கேட்டேன்.

"நல்லா இருக்கணும்னு எல்லாருக்கும் ஆசை இருந்தது" என்றார் பெரியவரின் மனைவி.

ஆறாவது பாட்டில் வோல்னே, 1990. என் வயது. அந்த வருஷம் செப்டம்பரில் பெரியவரும் அவர் மனைவியும் அந்த வயலில் கூலிக்குத் திராட்சை பறித்தார்கள். அப்போது அவர்கள் கணவன் மனைவி இல்லை. படித்துக்கொண்டிருந்தார்கள், கைச்செலவுக்காக வந்தவர்கள், பக்கத்துப் பக்கத்து வரிசை. பிறகு வைன் பாட்டிலுக்கு வந்ததும் ஆறு பாட்டில் வாங்கினார். இன்று அந்த வயலின் புது வைனை அவருடைய ஓய்வூதியத்தில் வாங்க முடியாது. ஐந்தைக் கல்யாண நாள்களில் குடித்தாயிற்று. இது கடைசி.

கார்க் பாதியில் உடைந்தது. பெரியவர் பதறாமல் இரண்டு தகடு வைத்த திருகியால் மீதியை எடுத்தார். ஊற்றினார். நிறம் அழகாக இருந்தது, பழைய ஓட்டு வீட்டின் கூரையில் சாயங்கால வெயில் விழுகிற நிறம். கிளாஸை எடுத்து முகர்ந்தேன்.

மழையில் நனைந்து மூலையில் கிடந்த செய்தித்தாள். பூட்டிக் கிடந்த அறை. வேறு ஒன்றுமே இல்லை.

கார்க் கெட்டுப்போயிருந்தது. கார்க்கில் வளரும் பூஞ்சைகள் செய்கிற வேலை. டிரைகுளோரோஅனிசோல் என்று ஒரு வேதிப்பொருள். ஒரு லிட்டரில் சில நானோகிராம் இருந்தால் போதும், வைன் செத்துவிடும். யார்மேலும் குற்றமில்லை. எந்தப் பாட்டிலில் வரும் என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. முப்பத்திரண்டு வருஷம் கழித்துத் திறக்கும்போதுதான் தெரியும்.

பெரியவர் பேனாவை நோட்டில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். நான்தான் முதலில் பேச வேண்டும்.

"ரோஜா" என்றேன். "காய்ந்த ரோஜா. கொஞ்சம் செர்ரி. ரொம்ப நல்லா இருக்கு."

அவர் எழுதினார். போர்ச்சுகல்காரி என்னைப் பார்த்தாள், கிளாஸைப் பார்த்தாள். உலகத்து கார்க்கில் ஏறக்குறைய பாதி அவள் நாட்டில் விளைவது. கார்க்கைப் பற்றி யார் என்ன சொன்னாலும் சண்டைக்கு வருபவள், அன்று "நானும் அதேதான்" என்று மட்டும் சொன்னாள். பக்கத்து வீட்டுக்காரர் இருமினார். "இன்னும் மூடிக்கிட்டு இருக்கு. காத்திருந்தா திறக்கும்" என்றார். நாற்பது வருஷம் கொடி வெட்டியவருக்கு அது திறக்காது என்று தெரியும்.

பெரியவரின் மனைவி ஒருமுறைதான் முகர்ந்தார். கிளாஸைக் கீழே வைத்தார்.

"பூஷோனே" என்றார். கார்க் போயிருக்கிறது என்பதற்கு பிரெஞ்சில் ஒரே சொல்.

யாரும் அசையவில்லை. பெரியவர் எழுதியிருந்ததைப் பார்த்தார். ரோஜா, செர்ரி. பேனாவால் அடித்தார், ஒரே கோடு. பிறகு தன் கிளாஸை எடுத்து ஒரு வாய் குடித்தார். வாயில் வைத்திருந்து விழுங்கினார்.

"புளிப்பு நல்லா இருக்கு. துவர்ப்பு பட்டு மாதிரி ஆயிடுச்சு" என்றார். இன்னொரு வாய் குடித்தார். "இந்த மேஜையில இந்த வைனைக் குடிக்க முடிஞ்ச ஒரே ஆள் நான்தான்."

குடித்தார். கிளாஸ் காலியாகும் வரை, அவசரமில்லாமல். எங்கள் கிளாஸ்களில் இருந்ததையும் வாங்கித் தன் பக்கம் வைத்துக்கொண்டார். அவர் மனைவி மேஜைமேல் அவருடைய இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். சிரித்தாரா அழுதாரா என்று எழுதினால் அதுவும் பொய்யாகிவிடும். நான் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

*

கிளாஸ்களைக் கழுவ அடுப்படிக்குப் போனேன். பெரியவர் துடைக்க வந்தார். மன்னிப்புக் கேட்டேன். உங்கள் மனசு கஷ்டப்படும் என்றுதான், என்று ஏதோ சொன்னேன். அவர் கிளாஸை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டே ஒரு பழைய கதையை ஞாபகப்படுத்தினார்.

நான் சேர்ந்த இரண்டாவது வருஷம், ஒரு வார இறுதியில், சர்வர் அறையில் குளிர்சாதனம் நின்றுபோனது. வெப்பமானியிலிருந்து தகவல் வருவதும் நின்றுவிட்டது. கண்காணிப்புத் திரைக்கான கோடை எழுதியவன் நான். புது அளவு வராவிட்டால் கடைசியாக வந்த அளவையே காட்டும்படி எழுதியிருந்தேன். காலியாகக் காட்டினால் பார்ப்பவர்கள் பயப்படுவார்களே என்று. ராத்திரி முழுக்கத் திரை 21 டிகிரி என்று பச்சையில் காட்டிக்கொண்டிருந்தது. காலையில் அறையைத் திறந்தபோது ரேக்கில் கை வைக்க முடியவில்லை.

"தெரியலைன்னு காட்டியிருந்தா நான் பத்து நிமிஷத்துல ஓடி வந்திருப்பேன்" என்றார். "இன்னைக்கு நீங்க நாலு பேரும்தான் எனக்கு மூக்கு. எனக்குப் பிடிச்சதைச் சொல்ற மூக்கு எதுக்கு? அது என்கிட்டயே இருக்கு. தினமும் காலைல காபி வாசனையைக் கற்பனை பண்ணிக்கிட்டுத்தான் குடிக்கிறேன்."

பிறகு ஜன்னல் திட்டில் வரிசையாக இருந்த நாலு சின்னக் குப்பிகளைக் காட்டினார். ரோஜா, எலுமிச்சை, யூகலிப்டஸ், கிராம்பு. ஜெர்மனியில் திரெஸ்டனில் ஹும்மல் என்ற மருத்துவரின் குழு 2009-ல் வெளியிட்ட பயிற்சி முறை. காலையும் மாலையும் நாலையும் முகர வேண்டும். வந்தால் வந்தது. கொஞ்சம் பேருக்கு வருகிறது. அவர் ஒரு எக்ஸெல் தாள் வைத்திருந்தார். நாலு பத்தி, நாளுக்கு இரண்டு வரி, பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் ஓர் எண். கீழே கீழே உருட்டினார். எல்லாம் பூஜ்யம். ஒன்றைக்கூட அவர் தன் ஆசைக்கு ஏற்றியிருக்கவில்லை.

"கிராம்பு உனக்குப் பல்வலி இல்லைதானே?" என்று கேட்டார். நாலு வருஷம் வைன் வேண்டாம் என்று சொன்னதற்குக் காரணம் கேட்காதவர், அன்றைக்குக் கேட்டார். சொன்னேன். முழுக்கச் சொன்னேன். துடைத்த கிளாஸையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டு கேட்டார்.

ரயிலில் வரும்போது அந்த வேதிப்பொருளைப் பற்றிக் கைப்பேசியில் படித்தேன். 2013-ல் ஜப்பானில், நியூட் என்ற சின்ன நீர்வாழ் உயிரியின் மூக்குச் செல்களை வைத்து ஆராய்ந்திருக்கிறார்கள். டிரைகுளோரோஅனிசோல் தன் நாற்றத்தால் மட்டும் வைனைக் கெடுப்பதில்லை, மூக்கின் செல்கள் மற்ற வாசனைகளைச் சொல்லாதபடி அவற்றையே அடக்கிவிடுகிறது என்று கண்டார்கள். அந்தக் கிளாஸை முகர்ந்த நொடியில் எங்கள் மூக்கும் கொஞ்ச நேரம் பெரியவரின் மூக்காகத்தான் இருந்திருக்கிறது.

*

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலை அம்மாவைக் கூப்பிட்டேன்.

"என்ன சாமி, நேத்து அவ்வளவு நேரம் போன்ல யாருகூட?"

"போன்ல பேசலம்மா. போன்னு இங்க ஒரு ஊரு. அங்க இருந்தேன்."

"அங்க என்ன சோலி?"

"வைன் குடிக்கப் போனேன்."

அந்தப் பக்கம் குக்கர் ஒரு விசில் விட்டது. அம்மா அடுப்பைக் குறைத்திருக்க வேண்டும், இரண்டாவது விசில் வரவில்லை.

"எவ்வளவு?"

"மொத்தமா ரெண்டு டம்ளர் இருக்கும்."

"டெய்லியா?"

"இல்லம்மா. மாசத்துக்கு ஒருக்கா, ரெண்டு தடவை. மூணு வருஷமா."

மூணு வருஷம் என்றதும் அவள் மூச்சு மாறியது தெரிந்தது. போன முறை ஊருக்கு வந்தபோது, அதற்கு முந்தைய முறை என்று எண்ணிக்கொண்டிருப்பாள். கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை.

"வாயில கிராம்பு கீது போட்டுக்கறயா?"

"இல்லம்மா."

"ம்."

அதற்குமேல் அதைப் பற்றி அவள் கேட்கவில்லை. நான்தான் பேச்சை விடாமல், வாசனை போன பெரியவரின் கதையைச் சொன்னேன். நாலு குப்பிகளைப் பற்றியும் சொன்னேன். "பாவம் மனுசன்" என்றாள். "அங்க கெடைக்கறதெல்லாம் எசன்ஸா இருக்கும். ஊட்டித் தைலம் ஒண்ணு குடுத்து உடறேன்" என்றாள். சரி என்று வைத்தேன். அவளுக்குக் கோபம் போய்விட்டது என்று சொல்லமாட்டேன். இப்போதும் சனிக்கிழமைகளில் அவள் கூப்பிடுவதில்லை. ஞாயிற்றுக்கிழமை நான் கூப்பிட்டால், "ஊருக்குப் போயிட்டு வந்துட்டியா?" என்பாள். எந்த ஊர் என்று சொல்லமாட்டாள். போயிருந்தால் ஆமாம் என்கிறேன்.

தைலம் தையிலே சித்தி மகன் கையில் வந்து சேர்ந்தது. பச்சை மூடி போட்ட சின்ன பாட்டில். பெரியவர் திறந்து முகர்ந்தார். கண்ணை மூடினார். நாங்கள் எல்லாரும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"ஜில்லுன்னு இருக்கு" என்றார்.

அது வாசனை இல்லை. யூகலிப்டஸின் குளிர்ச்சியை எடுத்துச் செல்வது முகத்துக்கு உணர்ச்சி தரும் வேறொரு நரம்பு. அது அவரிடம் எப்போதும் நன்றாகத்தான் இருந்தது. எனக்கு அது தெரியும், அவருக்கும் தெரியும். இந்தமுறை நான்தான் முதலில் சொன்னேன். தலையாட்டிவிட்டு யூகலிப்டஸ் பத்தியில் பூஜ்யம் என்று எழுதினார்.

கடைசியாகப் போனபோது அந்தத் தாளைக் காட்டச் சொன்னேன். பூஜ்யங்களுக்கு நடுவே, கிராம்புப் பத்தியில், ஓர் இடத்தில் 1 என்று இருந்தது. பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டிருந்தார்.